கழகம் யாருடையது?

கழகம் என்னும் சொல் தமிழிலே இரண்டு முகம் உடையது. சூது என்னும் அதிகாரத்திலே வள்ளுவர் கழகம் என்றது சூதாடும் இடத்தை. அங்கே காலம் கழிப்பவனுடைய தொன்றுதொட்ட செல்வமும் பண்பும் ஒருங்கே கெடும் என்பது அவர் முடிபு. கம்பர் கண்ட கழகம் வேறு. கோசல நாட்டின் வளங் கூறும் நாட்டுப் படலத்திலே, இளைஞர் கலை பயிலும் இடத்தை அவர் கழகம் என்கிறார். அதே பாட்டிலே இளமகளிர் பந்து பயிலும் இடத்தையும் உடன்வைத்துப் பாடுகிறார். இப்பாட்டைப் பாடஞ் சொல்லும்போதெல்லாம், ஆங்கே பந்தும் கழகமும் அருகருகே இருத்தலை மாணவர்க்குச் சுட்டிக்காட்டுவது என் வழக்கம். முன்வாங்கில் இருப்போரிலும் பின்வாங்கில் இருப்போரே அப்பொழுது மிகவும் முகமலர்வர்!

இந்நாளிலே உதைபந்தாட்டக் கழகம் என்று ஒரு தொடர் ஆக்கி, பந்தையும் கழகத்தையும் பிரிக்கவொண்ணாது பிணைத்துவிட்டோம். அஃது எந்தக் கழகம்? வள்ளுவர் கடிந்த கழகமா, கம்பர் கண்ட கழகமா? பொருள் வைத்து ஆடுவோர் இடமா, பலர் கூடிப் பயிலும் இடமா? இவ்வினாவுக்கு நூலிலே விடை தேடுவதினும் உலகியலிலே தேடுவது நன்று. இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியிலே, 2005ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் தொடங்கி அடுத்த ஆண்டு வசந்தத்திலே முடிந்த ஓர் ஆட்டப் பருவம் இதற்கு விடை கூறிற்று. அப்பருவத்தின் வரலாறே ஈண்டு நான் சொல்லப் புகுவது. “பண்டிதருக்கும் பந்துக்கும் யாது தொடர்பு?” என்று வினவும் அன்பர்கள் சிறிது பொறுத்தருளுக. பொருள் பந்தன்று, உடைமைக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாடு.

மஞ்செஸ்டர் யுனைட்டெட் என்னும் பெயரை அறியாத மாணவர் நம் நாட்டில் இலர். அதன் பிறப்பை அறிந்தோர் சிலரே. 1878ஆம் ஆண்டு, மஞ்செஸ்டர் நகரின் நியூட்டன் ஹீத் பகுதியிலே, புகைவண்டிப் பெட்டிகள் செய்யும் தொழிற்சாலைத் தொழிலாளர் தாம் ஓய்ந்த வேளையில் ஆடுதற்கென்று தொடங்கியது அக்கழகம். 1902இலே கடன்பட்டு வீழ்ந்து, ஒருவாறு எழுந்து, இன்றைய பெயரைப் பூண்டது. 1958ஆம் ஆண்டு பெப்ரவரி 6ஆம் நாள் மியூனிக் நகர விமானத் தளத்தில் நேர்ந்த விபத்திலே அதன் ஆட்டக்காரர் எண்மர் மாண்டனர். அந்நகரத்து மக்கள் தம் வீட்டுப் பிள்ளைகளை இழந்தாற்போல அழுதனர். பத்தாண்டு கழித்து, 1968இலே, அதே கழகம் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. தந்தை மகனுக்கும் மகன் பேரனுக்கும் கைப்பிடித்துக் காட்டிக் கொடுத்த செல்வம் அது. கொடுத்தவர் எவரும் உறுதி எழுதிக் கொடுத்தாரல்லர்.

1991இலே அக்கழகத்தின் பங்குகள் சந்தைக்கு வந்தன. சந்தைக்கு வந்த பொருளை வாங்குவோர் வருவர் அன்றோ? 1998இலே தொலைக்காட்சி நிறுவனம் ஒன்று 623 மில்லியன் பவுணுக்கு அதனை வாங்க முயன்றது. இரசிகர் கூடி எதிர்த்தனர். அரசும் 1999இலே அவ்விற்பனையைத் தடுத்தது. 2005ஆம் ஆண்டு மே மாதம் வந்தவரைத் தடுப்பார் இலர். மல்கம் கிளேசர் என்னும் அமெரிக்கச் செல்வர் ஏறத்தாழ 790 மில்லியன் பவுண் மதிப்பிலே கழகத்தைத் தமதாக்கினார். அப்பணத்திற் பெரும்பகுதி கடன். அக்கடனிலும் ஒரு பெரும்பங்கு, அதுகாறும் கடனின்றி இருந்த அக்கழகத்தின் தலையிலேயே ஏற்றப்பட்டது. ஒருவர் ஒரு வீட்டை வாங்குகிறார். வாங்கப் பட்ட கடனையும் வட்டியையும் அவ்வீட்டிலே வழிவழி வாழ்ந்தோர் இறுக்க வேண்டும் என்கிறார். நிகழ்ந்தது இதுவே. சட்டம் அதற்கு இடங்கொடுத்தது.

தமிழிலே உடையார் என்றும் உரியார் என்றும் இரு சொற்கள் உள. பொருளைக் கையகத்தே வைத்திருப்பவர் உடையார். அதனோடு உறவும் கடமையும் பூண்டவர் உரியார். ஒருவரே இரண்டுமாய் இருப்பின் வழக்கில்லை. உடையார் ஒருவரும் உரியார் பலருமாய்ப் பிரிந்தவிடத்து என் செய்வது? மஞ்செஸ்டர் மாந்தர் முன் நின்ற வினா இது.

அவர்க்கு முன்மாதிரி ஒன்று இருந்தது. 2002ஆம் ஆண்டு, இலண்டனைச் சேர்ந்த விம்பிள்டன் கழகத்தை அதன் உடையார் பெயர்த்தெடுத்து, தொலைவிலுள்ள மில்ட்டன் கீன்ஸ் நகருக்குக் கொண்டு செல்ல அனுமதி பெற்றனர். ஊர் மாறிய கழகத்தைப் பின்தொடராது, இரசிகர் தாமே ஏ.எவ்.சி. விம்பிள்டன் என்று புதுக்கழகம் கண்டு, கீழ்ப்படியிலிருந்து ஆடத் தொடங்கினர். 2005ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் மஞ்செஸ்டர் அப்பலோ அரங்கிலே இரசிகர் திரண்ட கூட்டத்தின் பின், அந்நகரத்தாரும் அவ்வழியே செல்லத் துணிந்தனர். பெயரையும் வாக்கெடுத்தே தெரிந்தனர். எவ்.சி. யுனைட்டெட் ஒவ் மஞ்செஸ்டர் என்பது அப்பெயர்.

அக்கழகத்தை எவ்வடிவில் அமைத்தனர் என்பது நம்மவர் கருத்தைக் கவரத் தக்கது. மஞ்செஸ்டருக்கு அண்மையில் றொச்டேல் என்னும் ஊர் உளது. 1844ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அவ்வூரிலே நெசவாளரும் பிறருமாய் இருபத்தெண்மர் தம் சிறு சேமிப்பை ஒன்றுதிரட்டி, மாவும் வெண்ணெயும் சீனியும் கலப்படமின்றி விற்கும் கடை ஒன்று திறந்தனர். பங்கு எத்துணை வைத்திருப்பினும் ஆளுக்கு ஒரு வாக்கே என்பது அவர் வகுத்த நெறிகளுள் ஒன்று. உலகெங்கும் பரந்த கூட்டுறவு இயக்கத்துக்கு அக்கடை தாய்வீடு ஆயிற்று. நம் நாட்டிலும் 1911ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் வழி அவ்வியக்கம் கால்கொண்டது. நம் முன்னோர் ஐக்கிய சங்கம் என்று வழங்கியது இதனையே. புதுக்கழகத்தார் தேர்ந்தெடுத்ததும் இவ்வடிவே. கழகம் உறுப்பினர்க்கு உரியது, ஒருவர்க்கு ஒரு வாக்கு, ஆட்சிக் குழுவை உறுப்பினரே தெரிவர், இலாபம் பங்கிடப்படாது, நுழைவுக் கட்டணம் எளியோர்க்கும் இயல்வதாதல் வேண்டும், ஆட்டக்காரர் மார்பிலே வணிக விளம்பரம் இராது. இவற்றை எழுத்திலே பொறித்த பின்னரே பந்தைத் தொட்டனர்.

கழகம் உண்டு, ஆட்டக்காரர் இலர்! விளம்பரஞ் செய்தபோது தொளாயிரம்வரை இளைஞர் விண்ணப்பித்தனர். அவருள் இருநூற்றுவரை அழைத்துப் பரீட்சித்து, பதினெழுவரைத் தேர்ந்தனர். தேர்ந்தவர் காள் மாஜின்சன் என்னும் பயிற்றுநர். அவர்தாமும் காய்கனி கொண்டுசென்று கொடுக்கும் தொழில் செய்து வாழ்ந்தவர். 2005 யூலை 16ஆம் நாள் லீ என்னும் ஊரிலே நட்புமுறை ஆட்டம் ஒன்று நடந்தது. இருபக்கமும் கோல் ஒன்றும் விழவில்லை. ஆயினும் ஆட்டம் முடிந்ததும் மக்கள் மைதானத்துள் ஓடித் தம் ஆட்டக்காரரைத் தோளிலே தூக்கினர். வென்றாரைத் தூக்குதல் உலக வழக்கு. அன்று தூக்கப்பட்டது வெற்றியன்று. தமக்கு ஓர் அணி உண்டு என்னும் ஆறுதல்.

இனி, அவர்கள் நுழைந்த ஆட்டக்களத்தைப் பற்றிச் சிறிது சொல்லுதல் வேண்டும். இங்கிலாந்தின் உதைபந்தாட்டம் படிக்கட்டுப்போல் அமைந்தது. மேற்படியிலே உலகப் புகழ் பெற்ற கழகங்கள். அதன் கீழ்ப் படிப்படியாகப் பல லீக்குகள். ஒவ்வொரு பருவ முடிவிலும் முதலில் நிற்போர் மேலேறுவர். கடையில் நிற்போர் கீழிறங்குவர். மஞ்செஸ்டர் யுனைட்டெட் நின்றது முதற்படி. புதுக்கழகத்துக்குக் கிடைத்தது வடமேற்கு மாவட்டங்கள் லீக்கின் இரண்டாம் பிரிவு. எண்ணிப் பார்ப்பின் அது பத்தாம் படி.

1982ஆம் ஆண்டு இரு பழைய லீக்குகள் இணைந்து பிறந்தது அந்த லீக். அதிலே ஆடும் கழகங்களின் பெயர்களை நோக்குக. பிளாக்பூல் மெக்கானிக்ஸ்: இயந்திரத் தொழிலாளர் கழகம். ஹோக்கர் ஓல்ட் போய்ஸ்: பழைய மாணவர் கழகம். காசில்ட்டன் கேப்ரியல்ஸ்: தேவதூதர் பெயர் தாங்கியது. இன்னும் நெல்சன், படிஹம், பிளிக்ஸ்டன், வின்ஸ்போட் என ஊர்ப்பெயர் பூண்டவை பல. பஞ்சாலைகளும் உப்புச் சுரங்கங்களும் இருந்த ஊர்கள் அவை. ஆலைகள் மூடிய பின்னும் கழகங்கள் மூடவில்லை.

இப்படியில் ஆடுவோரை முழுத்தொழில் ஆட்டக்காரர் என்றல் பொருந்தாது. பொழுதுபோக்குக்கு ஆடுவோர் என்றலும் பொருந்தாது. பகலிலே தச்சுவேலை, கட்டட வேலை, கடைவேலை. கிழமையில் இரண்டொரு மாலை பயிற்சி. சனிக்கிழமை பிற்பகல் ஆட்டம். அதற்கு ஒரு சிறு கொடுப்பனவு. கழகத்துக்கும் பெருவருவாய் இல்லை. கோட்டுக்குச் சுண்ணாம்பு போடுபவரும் சட்டை தோய்ப்பவரும் வாயிலிலே பணம் வாங்குபவரும் கைம்மாறு கருதாத தொண்டர். நூறு பேர் வந்து பார்த்தால் அது நல்ல நாள்.

அத்தகைய லீக்கிலே ஆயிரக்கணக்கானோர் வந்து புகுந்தனர்! 2005 ஓகஸ்ட் 13ஆம் நாள் முதலாட்டம். எதிரணி லீக் சி.எஸ்.ஓ.பி. லீக் என்பது ஈண்டு ஊரின் பெயர். அவ்வூர் மாவட்டப் பாடசாலைப் பழைய மாணவர் அணி அது. ஈராயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்டோர் பார்த்திருக்க, புதுக்கழகம் 5–2 என்னும் கணக்கில் வென்றது. தனக்கென மைதானம் இல்லாமையால் உள்ளூர் ஆட்டங்களுக்கு பெரி நகரக் கழகத்தின் கிக் லேன் மைதானத்தை வாடகைக்கு எடுத்தது. வெளியூர் ஆட்டங்களிலே ஒரு புதுமை நிகழ்ந்தது. வருங் கூட்டத்தைத் தம் சிறு மைதானம் தாங்காது என்று கண்ட கழகங்கள் சில, அண்டையிலுள்ள பெரிய மைதானங்களுக்கு ஆட்டத்தை மாற்றின. பிளாக்பூல் மெக்கானிக்ஸ் தன் நகரத்துப் பெருங்கழகத்தின் புளூம்பீல்ட் றோட் மைதானத்திலேயே ஆடிற்று. அந்த ஒரு நாள் வாயிற்பணம் சிறுகழகங்களுக்குப் பெருந்துணை ஆயிற்று. பெரிய கழகத்தின் பணம் கீழ்ப்படிக்கு வருதல் அரிது. பெரிய கழகத்தை நீங்கிய மக்களின் பணம் வந்தது.

ஆட்டத்தின் தரம் எவ்வாறு? உயர்ந்த ஆட்டத்தைக் கண்டு பழகிய கண்களுக்கு அது பெருவிருந்தாக இருந்திராது. தவறிய பந்துகள் பல; சேற்றிலே சறுக்கிய கால்கள் பல. எனினும் அப்பருவத்திலே திறமையும் இல்லாமற் போகவில்லை. அவ்வணியிலே அன்று ஆடிய றோறி பற்றர்சன் என்பவர் பின்னர் 2010இலே வட அயர்லாந்துத் தேசிய அணிக்கு ஆடினார். முப்பத்தாறு ஆட்டங்களில் இருபத்தேழு வெற்றி, ஆறு சமநிலை, மூன்று தோல்வி, அடித்த கோல்கள் 111, பெற்ற புள்ளிகள் 87, பிரிவிலே முதலிடம். 2006 ஏப்பிரல் 22ஆம் நாள் கிறேற் ஹாவுட் அணியோடு கிக் லேனில் நடந்த ஆட்டத்தைப் பார்க்க வந்தோர் 6,023 பேர். பருவம் முழுமைக்குமாக உள்ளூர் லீக் ஆட்டங்களுக்கு வந்தோரின் சராசரி மூவாயிரத்துக்கு மேல். ஆறு படி மேலே, நான்காம் படியில் ஆடிய முழுத்தொழிற் கழகங்கள் சிலவற்றுக்கும் அத்தொகை கிட்டவில்லை.

கூட்டத்தின் அளவினும் அதன் இயல்பு பெரிது. ஆட்டம் முழுவதும் அவர்கள் நின்று பாடினர் என்பர். பணங் கொடுத்து இருக்கை வாங்கியவன் ஆட்டம் நன்றாக இல்லையேல் முகஞ் சுளிப்பான். தன் கையால் கட்டிய கழகத்தின் ஆட்டக்காரன் சறுக்கி விழுந்தால் “எழு, தம்பி” என்பான். நுகர்வோனுக்கும் உரியவனுக்கும் உள்ள வேறுபாட்டை இதனினும் தெளிவாக எவ்வாறு விளக்குவது?

இவ்வரலாற்றை வெற்றிமாலையாக மட்டும் கட்டுதல் நேர்மையாகாது. பிரிவின் துயரும் இதில் உண்டு. ஒரே இருக்கை வரிசையிலே பல்லாண்டு உடனிருந்த நண்பர் இருவேறு மைதானத்துக்குச் சென்றனர். ஒரே வீட்டிலே தமையன் பழைய கழகத்துக்கும் தம்பி புதிய கழகத்துக்குமாய்ப் பிரிந்த குடும்பங்கள் உள. “அன்பு உண்மையாயின் துன்பக் காலத்தில் விட்டுப் போகலாமா?” என்பது இருந்தோர் வினா. “இருந்தால் எம் பணமே அக்கடனை இறுக்கும், அன்பை விலங்காக்கலாமா?” என்பது போனோர் விடை. கென் லோச் என்னும் நெறியாளர் 2009இலே எடுத்த திரைப்படம் ஒன்றிலே இவ்வழக்கு ஒரு மதுக்கடைக் காட்சியாக வருகிறது. வீடணன் நீங்கியதும் கும்பகருணன் இருந்ததும் இரண்டுமே அறம் என்று பட்டிமண்டபத்திலே வாதிக்கும் நாம் இதிலே ஒரு பக்கத்தை எளிதில் இகழ்ந்துவிட முடியுமா? என் கருத்திலே, இருந்தோரும் உரியாரே. போனோர் அவரை விற்றாரல்லர், விற்றவர் பிறர்.

பின்னர் நிகழ்ந்தவற்றைச் சுருங்கச் சொல்வேன். புதுக்கழகம் முதல் மூன்று பருவத்திலும் மூன்று படி ஏறிற்று. 2010 நவம்பர் 5ஆம் நாள், நாட்டுக்கிண்ணப் போட்டியின் முதற்சுற்றிலே, முழுத்தொழிற் கழகமாகிய றொச்டேலை அதன் சொந்த மைதானத்திலேயே 3–2 என வென்றது. கூட்டுறவின் தாய்வீட்டிலே கூட்டுறவுக் கழகம் பெற்ற வெற்றி! 2015இலே, உறுப்பினர் வாங்கிய சமூகப் பங்குகளையும் துணையாகக் கொண்டு, மொஸ்ற்றன் என்னும் இடத்திலே தனக்கென ஒரு மைதானம் கட்டிற்று. 1878இலே தொழிலாளர் ஆடத் தொடங்கிய நியூட்டன் ஹீத்துக்கு அண்மையது அவ்விடம். மே 29ஆம் நாள் போர்த்துக்கல் நாட்டுப் பென்பிகா கழகத்து அணியொன்று வந்து ஆடி அதனைத் திறந்துவைத்தது. 1968இலே மஞ்செஸ்டர் யுனைட்டெட் ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றதும் அதே மே 29இலே, அதே பென்பிகாவை எதிர்த்தே.

குடியாட்சி என்றால் பூசலும் உண்டு. 2016இலே நிருவாகம் பற்றி உறுப்பினரிடையே கடும் பிணக்கு எழுந்தது. பொறுப்பிலிருந்தோர் சிலர் விலகினர். 2019இலே ஒரு படி கீழிறங்க நேர்ந்தது. ஐக்கிய சங்கங்களின் ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்குப் போய் வந்த நம்மவர்க்கு இது வியப்பாகாது. பலர்க்கு உரியதிலே பலர் குரல் எழும். அக்குரலே அடங்கிப் போயின் உரிமையும் அடங்கிற்று என்க.

இவ்வரலாற்றின் கடைசி ஏடு கிக் லேன் மைதானத்திலேயே எழுதப்பட்டது. புதுக்கழகத்துக்கு வாடகைக்கு இடங்கொடுத்த பெரி கழகம் 1885இலே தோன்றியது. 2018ஆம் ஆண்டு டிசம்பரிலே ஒரேயொரு பவுணுக்குக் கைமாறிய அக்கழகம், கடன்சுமையாலும் உடையாரின் நிருவாகக் கேட்டாலும் நிலைகுலைந்தது. 2019 ஓகஸ்ட் 27ஆம் நாள் லீக்கிலிருந்து நீக்கப்பட்டது. நூற்றாண்டு கடந்த கழகம் ஒன்று, அப்பருவத்திலே ஓர் ஆட்டமேனும் ஆடாமல் வெளியேறிற்று. சங்கிலியும் பூட்டுமாய் நின்ற வாயிலின் முன்னே முதியோர் நின்று அழுதனர்.

அழுத பின் யாது செய்தனர்? பெரி மாந்தர் தாமே ஒரு கழகம் அமைத்தனர். அவர் ஆடத் தொடங்கியதும் வடமேற்கு மாவட்டங்கள் லீக்கிலேதான். 2023இலே பிரிந்திருந்த இரு பகுதியாரும் வாக்களித்து ஒன்றாகிப் பழம்பெயரோடு கிக் லேனுக்கு மீண்டனர். அப்பொழுதும் அவர் ஆடியது அந்த லீக்கிலேயே. ஒருகாலத்திலே தம் மைதானத்திலே வாடகைக்கிருந்தோர் காட்டிய வழி, தமக்கு இடர் வந்தபோது அவர்க்கும் பயன்பட்டது.

மஞ்செஸ்டர் யுனைட்டெட்டோ? 2024இலே வேறொரு செல்வர் அதிற் கால்வாசிக்குச் சற்று மேற்பட்ட பங்கை வாங்கினார். அதன் பின்னும் கிளேசர் குடும்பத்தாரே பெரும்பான்மை உடையாராயினர். 2005இலே எதிர்த்தெழுந்தோரால் அவரை அகற்ற முடியவில்லை. ஆகவே அம்முயற்சி தோற்றது என்பாரும் உளர். நான் அவ்வாறு எண்ணேன். விற்பதற்கும் வாங்குவதற்கும் உரிய பொருளாய் ஒரு கழகம் ஆகிவிட்டவிடத்தும், அதனைக் கழகமாக்கிய மக்கள் விலைபோகாது வேறிடத்திலே நின்று ஆடலாம் என்பதை ஒரு பருவத்தின் முப்பத்தாறு ஆட்டங்கள் மெய்ப்பித்தன.

நம்மிடத்தும் நூல்நிலையங்கள், சனசமூக நிலையங்கள், விளையாட்டுக் கழகங்கள், கலாசாலைச் சங்கங்கள் எனப் பல உள. அவற்றின் கட்டடத்துக்கு உறுதி யார் பெயரில் உளது என்று கேட்போர் பலர். விளக்கேற்றுவோர் யார், கூட்டிப் பெருக்குவோர் யார், பொதுக்கூட்டத்துக்கு வந்து கையுயர்த்துவோர் யார் என்று கேட்போர் சிலரே. மாணவ அன்பர்கள் இரண்டாவது வினாவையும் கேட்டுப் பழகுவாராக.